மாத்தளைப் போரில் தோற்றது யார்?

அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலைப் போர்களில் முதற்களங்கள் பெரும்பாலும் தோல்வியிலேயே முடிந்திருக்கின்றன. வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். மருது சகோதரர் 1801ஆம் ஆண்டில் திருப்பத்தூரில் அதே முடிவை எய்தினர். நம் வன்னி நாட்டிலே, 1803 ஆகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டார வன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிலே கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். இவர்களைத் தோற்றவர்கள் என்று இன்று எவரும் இகழ்வதில்லை. பின்னர் வந்தவர் நடந்து செல்லப் பாதை வெட்டியவர்கள் என்றே போற்றுகிறோம்.

இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொரு களம் மாத்தளை. 1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மாத்தளை மாவட்டத்துக் குடியானவர்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தனர். ஆண்டவர்கள் அதனைக் கலகம் என்றனர். சிங்கள மக்கள் அதனைத் தங்கள் விடுதலைப் போரின் ஒரு கட்டமாகக் கொண்டாடுகின்றனர். தமிழராகிய நம்மிற் பலரோ, அது எவருடைய கதையோ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுச் செல்கின்றனர். இது பெருந்தவறு என்பது நமது துணிபு. மாத்தளையிலே நிகழ்ந்த போர் நிலத்தைப் பற்றிய போர். வரியைப் பற்றிய போர். அந்த இரண்டும் உழுதுண்டு வாழும் எந்த மக்களுக்கும் அந்நியமானவை அல்ல.

சட்டத்தால் நடந்த கொள்ளை

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையினால் பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. அரசன் சிறி விக்கிரம இராசசிங்கன் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தான். 1817ஆம் ஆண்டில் ஊவாவில் மூண்ட பெருங்கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது. அதன் தலைவர் கெப்பெட்டிப்பொலை திசாவை சிரச்சேதம் செய்யப்பட்டார். வாளினால் நாட்டைப் பிடித்தவர்கள் அதன் பின்னர் சட்டத்தினால் நிலத்தைப் பிடிக்கத் தொடங்கினர்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. காடுகளும், தரிசு நிலங்களும், குடியிருப்பும் சாகுபடியும் இல்லாத நிலங்களும் முடிக்குரியவை என்றே கொள்ளப்படும். தனக்குரியது என்பவன் அதனை நிரூபிக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். கண்டி நாட்டுக் குடியானவனுக்கு வயல் ஒன்று. அதனைச் சூழ்ந்த காடும் மேடும் மற்றொன்று. அந்த மேட்டிலேதான் அவன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தான். அவன் மாடு மேய்ந்ததும், அடுப்புக்கு விறகு வந்ததும் அங்கிருந்தே. தலைமுறை தலைமுறையாக ஆண்டு வந்த அந்நிலத்துக்குச் சன்னசு காட்டு, உறுதி காட்டு என்றால் அவன் எங்கே போவான்? வழக்கமே உறுதியாக இருந்த சமுதாயத்தில் காகிதத்தைக் கேட்பது, இல்லை என்ற விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு கேட்ட கேள்வியாகும்.

இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம், ஏக்கர் 5 சிலிங் விலையில் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1844ஆம் ஆண்டிலேதான் அவ்விலை 20 சிலிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களுள் தேசாதிபதி முதலாக அரசாங்கத்தின் உயர் பதவியினர் பலரும் இருந்தனர். சட்டம் செய்தவனும் விற்றவனும் வாங்கியவனும் ஏறத்தாழ ஒரே கூட்டத்தவன் என்றால், அங்கே நீதியை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

வரியின் மேல் வரி

1847ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஏற்பட்ட வர்த்தக நெருக்கடியினால் கோப்பி விலை சரிந்தது. அரசாங்கத்தின் வருவாயும் சரிந்தது. அவ்வாண்டிலே தேசாதிபதியாக வந்து சேர்ந்தவர் டொரிங்டன் பிரபு. அவர் பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் உறவினர். குடியேற்ற நாட்டு ஆட்சியில் முன்னனுபவம் எதுவும் இல்லாதவர். துண்டு விழுந்த வரவு செலவை நிரப்ப அவர் குடியானவனின் குடிசையை நோக்கினார். கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் தோட்டக்காரனுக்கு ஆறுதல் அளிக்க முனைந்த அதே ஆட்சி, மக்கள் மீது நேர்முக வரிகளைச் சுமத்தியது.

துப்பாக்கி வைத்திருப்பவன் ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ் கட்ட வேண்டும். நாய் வளர்ப்பவன் 1 சிலிங் கட்ட வேண்டும். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி. இவற்றுக்கு மேலாக, வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும். இயலாதவன் 3 சிலிங் கட்ட வேண்டும்.

நகரத்திலே இருந்து நோக்குபவர்க்கு இவை சிறு தொகைகளாகத் தோன்றலாம். சேனையிலே பன்றியையும் யானையையும் விரட்டுவதற்குத் துப்பாக்கி வேண்டும். காவலுக்கு நாய் வேண்டும். அவை இரண்டும் மலைநாட்டு உழவனுக்கு மண்வெட்டியைப் போன்ற கருவிகள். நெல்லாகவும் உழைப்பாகவும் கொடுக்கப் பழகியவனிடம் வெள்ளிக்காசு கேட்டனர். வீதி வேலையோ முதலிலே பௌத்த பிக்குமாரையும் விட்டுவைக்கவில்லை. போடப்பட்ட வீதிகளும் பெரும்பாலும் எவருக்குப் பயன்பட்டன? தோட்டத்துக் கோப்பி மூடைகள் கொழும்புத் துறைமுகம் சேர்வதற்கே பயன்பட்டன.

இவ்வரிகளை விதித்த சட்டநிரூபண சபையில் அப்போது கண்டி மக்களின் சார்பிலே பேச ஒரு பிரதிநிதியும் இருந்ததில்லை என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். 1833ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அச்சபைக்குக் கண்டியர் ஒருவர் நியமனம் பெற்றது 1889ஆம் ஆண்டிலேதான். பேசும் வாய் கொடுக்கப்படாத மக்கள் வேறு எவ்வாறு பேசுவர்?

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு

மக்கள் ஆயுதத்தை முதலிலே எடுக்கவில்லை. 1848 யூலை 6ஆம் நாள் அவர்கள் கண்டிக் கச்சேரியின் முன்னே கூடி முறையிட்டனர். கொழும்பிலே, ஐரிஷ்காரரான டாக்டர் கிறிஸ்தோபர் எலியட் தமது ஒப்சேவர் பத்திரிகை வாயிலாக இவ்வரிகளைக் கண்டித்தார். அவ்வாண்டு பெப்ரவரியிலே பிரான்ஸ் நாட்டு மக்கள் தங்கள் மன்னனை ஓட்டிவிட்ட செய்தியும் இத்தீவை எட்டியிருந்தது. முறையீட்டுக்குக் கிடைத்த விடை பிடிவாதம் ஒன்றே.

யூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா என்பவர் அரசராக முடிசூட்டப் பெற்றார். கிரனேகம தேரர் அதனை நடத்தி வைத்தார். வீர புரன் அப்பு படைத்தலைமை ஏற்றார். இவ்விருவரும் கண்டிப் பிரபு குலத்தவர் அல்லர். இருவரும் கரைநாட்டிலே பிறந்தவர்கள். புரன் அப்புவின் ஊர் மொறட்டுவை. இயற்பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. கொங்காலேகொட பண்டா கண்டி வீதியிலே வண்டித் தொழிலில் ஈடுபட்டவர். 1818இல் திசாவைமார் போருக்குத் தலைமை தாங்கினர். 1848இல் அப்பிரபுக்களிற் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றனர். வண்டிக்காரனும் உழவனும் பிக்குவுமே முன்னே வந்தனர்.

யூலை 28ஆம் நாள் இவர்கள் தம்புள்ளையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து மாத்தளையை அடைந்தனர். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. கோப்பித் தோட்டக் கட்டிடங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. வெறும் கொள்ளைக் கூட்டம் என்று இவர்களை இகழ்பவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். கொள்ளைக்காரன் பணப்பெட்டியைத் தேடுவான்; பதிவேட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கமாட்டான். தங்களை நசுக்குவது எது என்பதை எழுத்தறியாத அந்த மக்கள் நன்கறிந்திருந்தனர்.

மறுநாள், யூலை 29ஆம் நாள், கண்டியிலிருந்து கப்டன் லிலியின் தலைமையில் வந்த படை மாத்தளையை அடுத்த வாரியபொல தோட்டத்தருகே அவர்களை எதிர்கொண்டது. பயிற்சி பெற்ற படையின் சூட்டுக்கு முன்னே, வேட்டைத் துப்பாக்கியும் ஈட்டியும் ஏந்திய கூட்டம் நிலைகொள்ள இயலவில்லை. போர் விரைவிலே முடிந்தது. புரன் அப்பு பிடிபட்டார். அதே நாட்களில் குருநாகலிலும் மக்கள் எழுந்தனர். அங்கும் துப்பாக்கியே விடை கூறியது. கண்டியிலும் குருநாகலிலும் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது.

வெற்றிக்குப் பின் வெறியாட்டம்

களத்திலே போர் ஒருநாளில் முடிந்தது. அடக்குமுறையோ மாதக்கணக்காக நீண்டது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 26ஆம் நாள் குடாபொல தேரர், அணிந்திருந்த துவராடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பால் உயிரிழந்தவர் 18 பேர். கிளர்ச்சியிலும் அதன் பின்னரும் மாண்ட மக்கள் ஏறத்தாழ 200 பேர். பிரித்தானியப் படையிலே ஓர் உயிரும் போகவில்லை. இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, இராணுவச் சட்டம் எவரிடமிருந்து எவரைக் காக்க நீடிக்கப்பட்டது என்ற ஐயம் எழாமற் போகாது.

கொங்காலேகொட பண்டா செப்டெம்பர் 21ஆம் நாள் எல்கடுவையிலே பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, 100 கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலுமாக மாற்றப்பட்டது. அங்கேயே 1849ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மாண்டார்.

இன்னும் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். மாத்தளை நகரை அடுத்துள்ள அளுவிகாரை, திரிபிடகம் முதன்முதல் ஏட்டிலே எழுதப்பட்ட இடமென்று பௌத்த உலகம் போற்றும் தலம். அங்கே பேணப்பட்டு வந்த ஏட்டுத்தொகுதி 1848ஆம் ஆண்டின் அடக்குமுறையிலே அழிந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு, ஏடுகளை இழந்த மக்களின் துயர் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இக்கொடுமைகள் இலண்டன் வரை எட்டின. 1849ஆம் ஆண்டில் பிரித்தானியப் பொதுச்சபை ஹென்றி பெய்லியின் தலைமையிலே தெரிவுக்குழு ஒன்றை நியமித்தது. விசாரணையின் அதிர்ச்சி தாங்காது 1850ஆம் ஆண்டில் டொரிங்டன் பிரபு திரும்ப அழைக்கப்பட்டார். குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்டும் பதவி இழந்தார். எதிர்ப்புக்கு உள்ளான வரிகளிற் பல கைவிடப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன. பிக்குமார் வீதி வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். ஆதலின், மாத்தளை மக்கள் எதனையும் பெறாமல் தோற்றனர் என்று கூறுவது முழு உண்மை ஆகாது. வரியிலே ஓரளவு வென்றனர். நிலத்திலேதான் தோற்றனர். 1840ஆம் ஆண்டின் சட்டம் நின்றது, கோப்பி நின்றது, பின்னர் கோப்பி நோயுற்று அழிந்தபோதும் அந்த மலைகளிலே தேயிலை வந்ததேயன்றி, உழவனுக்கு நிலம் திரும்பி வரவில்லை.

அதே வீதியில் வந்த தமிழர்

கொங்காலேகொட பண்டாவின் கூட்டம் நடந்த தம்புள்ளை மாத்தளை வீதி, அதே ஆண்டுகளிலே மற்றொரு கூட்டமும் நடந்த வீதியாகும். தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களிலிருந்து பட்டினியால் துரத்தப்பட்டுக் கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை என்று நடந்து மாத்தளை வந்தடைந்தனர். மலைத் தோட்டங்களின் வடக்கு வாயில் மாத்தளையே. வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர் எண்ணிறந்தோர். 1841 முதல் 1848 வரை மாண்டவர் 70,000 பேர் வரை இருக்கும் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை 1849ஆம் ஆண்டிலே மதிப்பிட்டது.

ஒரே சட்டம் இரு மக்களை இருவேறு வகையிலே அடித்தது என்பதை நாம் காண வேண்டும். கண்டி உழவனிடமிருந்து மேட்டு நிலத்தைப் பறித்தது. அந்நிலத்தைத் திருத்துவதற்குத் தமிழ் ஏழையைக் கொண்டுவந்து, ஒரு சாண் மண்ணும் அவனுக்கு உரிமையாகாதவாறு லயன் அறையில் அடைத்தது. நிலத்தை எடுத்தவன் தோட்டத்துரை. பழியைச் சுமந்தவன் கூலித் தமிழன். கண்டி மலைகளின் நிலக்கவர்ச்சிக்குத் தமிழ்த் தொழிலாளியைக் காரணமாகக் காட்டிப் பின்னாளிலே அரசியல் நடத்தியவர்கள், 1840ஆம் ஆண்டின் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர்; அல்லது திறந்து பார்த்தும் மறைத்தவர்கள்.

மாத்தளைப் போருக்குச் சரியாக 100 ஆண்டுகள் கழிந்தன. 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னே, 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பேச வாய் இல்லாத மக்கள் மீது சட்டம் செய்வது கொடுமை என்று 1848ஆம் ஆண்டைக் காட்டிப் பேசியவர்கள், 1948ஆம் ஆண்டில் அதே கொடுமையை மற்றொரு மக்கள் மீது செய்தனர். நாடற்ற நிலை சட்டத்தால் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அது யூலை 28ஆம் நாள் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையிலே நிறைவுற்றது. 1848ஆம் ஆண்டின் கிளர்ச்சியாளர் மாத்தளை சேர்ந்ததும் யூலை 28ஆம் நாளே. நாள் ஒத்தது தற்செயல். கோரிக்கை ஒத்தது தற்செயல் அன்று. நடந்தவர்கள் கேட்டவற்றுள் தலையானது காணி உரிமை. லயனிலே பிறந்து லயனிலே மடியும் குடும்பங்கள் இன்றும் அம்மலைகளில் உள்ளன.

வடக்கு உழவனுக்கு இதிலே என்ன?

கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் வயல் வைத்திருப்பவர், மலைநாட்டுப் பழங்கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1840ஆம் ஆண்டின் சட்டம் தனியே நின்றுவிடவில்லை. அதன் வழியே 1897ஆம் ஆண்டில் தரிசு நிலச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 1931ஆம் ஆண்டில் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. அந்த 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேதான், 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் வடமாகாணத்தின் 5,940 ஏக்கர் நிலம் பற்றி வர்த்தமானி அறிவித்தல் வெளியிடப்பட்டது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோரி நிரூபிக்காத நிலம் அரச நிலமாகும் என்பதே அதன் பொருள். போரினால் இடம்பெயர்ந்து, உறுதிகளை இழந்து, உரிமையாளரிற் பலர் கடல் கடந்து வாழும் நிலையிலே, உறுதி காட்டு என்ற பழைய குரல் மீண்டும் கேட்டது. எதிர்ப்பு எழுந்தது, யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மாத்தளை உழவனுக்கு இத்தகைய நீதிமன்றமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை, சபையிலே பேச ஆளும் இல்லை. அதனாலேயே அவன் வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கினான். நமக்கு இவை உள்ளன. கற்றோர் காகிதத்தையும் வழக்கையும் கவனித்துக்கொள்ள, உழவர் தம் நிலத்திலே உறுதியாக நிற்க, இருசாராரும் இணைந்தால் துப்பாக்கியின்றியே வெல்ல முடியும் என்பதற்கு 2025ஆம் ஆண்டே சான்று. காணி உறுதிகளைப் புதுப்பித்தல், இழந்தவற்றுக்குப் பதிவகங்களிலே பிரதி பெறுதல், எல்லைகளை நில அளவையாளரைக் கொண்டு நிலைநாட்டுதல் ஆகியவை இன்றைய நாளின் போர்க்கடமைகள். இவற்றை ஒத்திப்போடுபவர், நாளைய வர்த்தமானிக்குத் தம் வயலைத் தாமே எழுதிக் கொடுப்பவராவர்.

சிங்கள உழவருக்கும் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். புரன் அப்புவின் பெயரை நீங்கள் மதிக்கிறீர்கள், நாமும் மதிக்கிறோம். அவர் உயிர் கொடுத்து எதிர்த்த சட்டத்தின் வாரிசுகள் வடக்கிலே தமிழ் உழவன் மீது பாயும்போதும், மலையிலே தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலம் மறுக்கப்படும்போதும், அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதை உங்கள் நெஞ்சைக் கேளுங்கள்.

மாத்தளைப் போரில் தோற்றவர் வாரியபொலவிலே விழுந்தவர் மட்டுமல்லர். நிலத்தை இழந்த உழவனும், நிலமே இல்லாமல் அதே மலைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளியும் அன்றே ஒருசேரத் தோற்றனர். தோற்றவர் இருவர் என்பதை இருவரும் அறியவில்லை. அறியாதவாறு பார்த்துக்கொண்டதே ஆண்டவனின் உண்மையான வெற்றி. அவ்வெற்றியை நீடிக்க விடுவதா என்பதை இன்று தீர்மானிக்க வேண்டியவர்கள் உழுபவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே.